புதன்கிழமை தனபாக்கியம்

இப்போது ஏறும்போது என்ன சொன்னீர்கள்? "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா" என்றுதானே? இல்லை இல்லை, தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை, உட்காருங்கள். சும்மா கேட்டேன். எல்லோரும் "கொஞ்சம் நகருங்க" என்பார்கள், சில பேர் அதுகூடச் சொல்லாமல் இடுப்பால் ஒரு இடி இடிப்பார்கள். முன்னால் ஒரு "ஒண்ணுமில்லீங்க" போட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கிறவர்கள் குறைச்சல். எனக்குத் தெரிந்து ஒருத்திதான். என் மடியிலிருந்து பை விழுந்ததே, அது நீங்கள் இடித்ததால் இல்லை. நானாகத்தான் விட்டேன்.

எங்கே போகிறீர்கள்? டெலிபோன் காலனியா? நானும் அங்கேதான். வீடு பார்க்கவா? பாருங்கள், நாலைந்து வீடு காலியாக இருக்கிறது. தண்ணீர் நன்றாக இருக்கும். நான் இரண்டாவது தெரு, ஏழாம் நம்பர். சுலோசனா என்றால் தெரியும், தெரிந்தாலும் காட்டமாட்டார்கள், அது வேறு கதை. எனக்கு எதிர்வீடும் காலிதான். கிரைண்டர் வைக்கத் தனியாக மேடை கட்டின வீடு. அதைக் காட்டினால்... காட்டட்டும், உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலனி என்று சொல்லி டிரைவர் ஒரு இடத்தில் நிறுத்துவார். பாதி பஸ் இறங்கும். அவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். இறங்கினால் நாலு வழிச்சாலையைத் தாண்டவேண்டும். நடுச்சுவரை யாரோ உடைத்து ஒரு ஆள் நுழைகிற மாதிரி சந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் காலனி வளைவு தெரியும், கூப்பிட்டால் கேட்கிற தூரம், ஆசையாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். இந்த பஸ் நேராக நாலு கிலோமீட்டர் போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, அந்தப் பக்கமாகவே கொண்டுவந்து விட்டுவிடும். இருபது நிமிடம் கூட ஆகும், ஆகட்டுமே. நான் மூன்று வருடமாக அப்படித்தான் போகிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? முகத்தில் கேட்ட மாதிரி இருந்தது.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். உங்கள் வயசுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேசவேண்டும் என்றால் எங்களிடம் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். நாங்கள் இந்த முனையையும் அந்த முனையையும் இணைத்துக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கலாமா?" என்று கேட்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் மெமோ. "இணைக்கறதுதான் உங்க வேலை, உங்க வாய்க்கு இங்க சம்பளம் கிடையாது" என்பார் சூப்பர்வைசர்.

பேசக்கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? காது கூர்மையாகிவிடும். ஊரின் குரல் முழுக்க என் காதில் இருந்தது. ஒரு "ஹலோ" போதும், அரிசி மண்டிக்காரரா, பல் டாக்டரா, பல் டாக்டரின் மச்சானா, சொல்லிவிடுவேன். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவேன், கூட வேலை பார்த்தவர்கள் சோற்றைத் துப்பித் துப்பிச் சிரிப்பார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் குரலில் இன்டர்காமில் பேசி ஒருத்திக்கு லீவு கொடுத்தேன். அவள் நிஜம் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மெமோ. அது கிடக்கட்டும்.

எங்கள் இலாகா சொசைட்டி ஊருக்கு வெளியே நிலம் வாங்கிப் பிரித்துக் கொடுத்தது, அதுதான் டெலிபோன் காலனி. அப்போது நடுவில் கம்பங்கொல்லை. பிறகு சாலை வந்தது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ஊரிலிருந்து வருகிற பஸ் எல்லாம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தாண்டும்போது அடிபட்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர் போவார்கள். ஒரு நடைமேம்பாலம் கேட்டோம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏறி இறங்க ஒரு இரும்புப் பாலம்.

பதினோரு மனு எழுதியிருக்கிறேன். சாலை ஆபீசுக்கு எழுதினால், உங்கள் எம்.பி.யிடம் சொல்லுங்கள் என்று பதில் வரும். எம்.பி. ஆபீசில், நடந்து போகிற பாலம் என்றால் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள் என்பார்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் குபேந்திரன் என்று ஒரு பி.ஏ. முப்பத்தைந்து வயது இருக்கும். எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "நோட் பண்ணிக்கிட்டேன்மா" என்பான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கலையே, எதை நோட் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவன் விஷயத்தைச் சொன்னான். "அம்மா, மனசு விட்டுச் சொல்றேன். நீங்க ஒருத்தரே நூறு தடவை கூப்பிட்டாலும் என் நோட்டுல ஒரே ஆளுதான். நூறு பேரு ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டாங்கன்னு வைங்க, பக்கம் பக்கமா உங்க பாலம்தான் நிக்கும். கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஐயா அந்த நோட்டைத்தான் வாங்கிப் புரட்டுவாரு. எதுக்கு அதிகம் போன் வந்திருக்கோ அதைச் சட்டசபையில கேள்வியா எழுதிக் குடுத்துருவாரு."

நல்லதுக்குத்தான் சொன்னான். அதை மறுக்கமாட்டேன். பிறகு அவன் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடனே காலனிக் கூட்டம் போட்டு ஒரு அட்டவணை எழுதினேன். இருபத்திரண்டு வீடு. திங்கள் முதல் வெள்ளி வரை, யார் எந்தக் கிழமை கூப்பிடுவது என்று. எப்போதும் பத்தரை மணி. ஏனென்றால் பத்தரைக்குத்தான் அவன் டீ குடித்துவிட்டு வந்து உட்காருவான், வேறு போன் வந்திருக்காது. கடுதாசியில் நாலு வரி எழுதி எல்லோருக்கும் கொடுத்தேன். பெயர், தெரு, பாலம் வேண்டும், நன்றி. இதற்குமேல் என்ன வேண்டும்?

முதல் வாரம் எல்லோரும் பேசினார்கள். இரண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் கேட்டால், "போட்டேங்க, எடுக்கலை." "ரிங் போச்சு, கட் ஆயிடுச்சு." "என் மாமியாருக்கு ஷுகர்." ஷுகருக்கும் போனுக்கும் என்ன? வேதகிரி என்று லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், அவர் சொன்னார்: "நீயே என் பேர்ல பேசிடேன் சுலோசனா. எவன் நேர்ல பாக்கறான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

அந்த ஆபீஸில் இருந்தது பழைய செட், கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டாது. எங்கள் இலாகா கொடுத்த செட், எனக்குத் தெரியாதா? வேதகிரி மாதிரி இரண்டு இருமல் இருமி, பேசிவிட்டு வைத்தேன். "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்றான். சார்! எனக்கு உடம்பே சிலிர்த்தது. மறுநாள் ஷுகர் மாமியார். அதற்கு மறுநாள் மூன்றாம் தெரு டீச்சர். ஒருதரம் டீச்சர் குரலில் பேசும்போது பழக்கத்தில் வேதகிரி இருமலை இருமிவிட்டேன். குபேந்திரன், "என்னம்மா, உங்க காலனில எல்லாருக்குமே இருமலா?" என்றான். "ரோட்டுப் புழுதிப்பா, அதுக்குத்தான் பாலம் கேக்கறோம்" என்றேன். சமாளித்தேன் பாருங்கள். பாலம் வந்தால் புழுதி எப்படிப் போகும் என்று அவனும் கேட்கவில்லை.

தப்பா இது? நீங்களே சொல்லுங்கள். அவர்களுக்குப் பாலம் வேண்டும். பேசச் சோம்பல். நான் அவர்களுக்குப் பதில் பேசினேன். இல்லாத ஒன்றையா சொன்னேன்?

எதிர்வீட்டுத் தனபாக்கியம் மட்டும்தான் தினமும் கேட்பாள், "அக்கா, நான் எப்பக்கா பேசறது?" என்று. இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவள் புருஷன் எங்கள் இலாகாவில் கம்பம் நடுகிறவனாக இருந்து செத்துப்போனான், அந்த வகையில் வீடு. அமுதா என்று ஒரே பெண், கட்டிக்கொடுத்துவிட்டாள். மாவு வாங்குகிற டிபன் கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு நாலு தடவை, இரண்டு கையிலும் தூக்கு வாளியோடு ரோட்டைத் தாண்டுவாள். காலனியில் அவளைவிட அதிகம் தாண்டினவர்கள் யாரும் இல்லை.

அதனால் புதன்கிழமையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அவளுக்குப் பேசத் தெரியாது. நான் குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது. என் வீட்டில் உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுத்தேன். எடுத்ததும், "ஒண்ணுமில்லீங்க, நான் தனபாக்கியம் பேசறேன்" என்றாள். அவளுக்கு எல்லாமே "ஒண்ணுமில்லீங்க"வில்தான் ஆரம்பிக்கும். வீடு பற்றி எரிந்தாலும் "ஒண்ணுமில்லீங்கக்கா, வீடு எரியுது" என்பாள். அங்கிருந்து மாவுக்குப் போனாள். மழை நாளில் மாவு புளிக்காததற்குப் போனாள். வாளி கனத்தில் விரல் மரத்துப்போவதைச் சொன்னாள். லாரி விளக்கு கண்ணில் அடித்தால் ரோடு எது, சுவர் எது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவதைச் சொன்னாள். நான் கடுதாசியைக் காட்டிக் காட்டி நாலாவது வரியைத் தட்டுகிறேன், அவள் பார்க்கவே இல்லை. பாலம் என்ற வார்த்தை வருவதற்குள் குபேந்திரன் "நோட் பண்ணிக்கிட்டேன்மா" என்று வைத்துவிட்டான்.

"சரியா பேசினேனாக்கா?" என்றாள். முகமெல்லாம் வியர்த்து, ஏதோ பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி.

"நல்லா பேசினே. இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை அவளிடம் சொல்லவில்லை. மாவு கொடுக்கப் போயிருந்தாள். நானே எடுத்தேன். "ஒண்ணுமில்லீங்க, நான் தனபாக்கியம் பேசறேன்." அடுத்து நேராகப் பாலம். மூன்றே நிமிடம். எத்தனை குரல் பேசியிருக்கிறேன், இது மாதிரி ஒன்று அமைந்ததில்லை. கொஞ்சம் கரகரப்பு, கடைசி வார்த்தையில் மூச்சு வாங்கி ஒரு இழுப்பு. பேசும்போது என் கை இரண்டும் வாளி தூக்கின மாதிரி கனக்கும். குபேந்திரனுக்கே அந்தக் குரல் மேல் ஒரு இது வந்துவிட்டது. "சொல்லுங்க தனபாக்கியம்மா" என்பான், நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் அவள் வந்து கேட்டால், "உன் பேரு நோட்டுல ஏறிடுச்சு, கவலைப்படாதே" என்பேன். அது பொய் இல்லையே. ஏறித்தான் இருந்தது.

ஆறு புதன்கிழமை.

ஏழாவது புதன்கிழமை என்ன தோன்றியதோ, மத்தியானம் டிபன் கடைப் போனில் அவளே கூப்பிட்டிருக்கிறாள். குபேந்திரன், "காலையிலயே பேசிட்டீங்களேம்மா, நோட்டுல இருக்கே" என்று சொல்லியிருக்கிறான். இவள், "இல்லீங்க, நான் பேசலீங்களே" என்று சொல்ல, அவன் சிரித்துவிட்டு, "வாராவாரம் பேசறீங்க, உங்க குரல் எனக்குத் தெரியாதா" என்று வைத்துவிட்டான்.

வாளியோடு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். "ஒண்ணுமில்லீங்கக்கா. நான் பேசாமலே நான் பேசிட்டேங்கறாங்க" என்றாள்.

"வேற யாராவது தனபாக்கியமா இருக்கும்" என்றேன்.

"அவளும் டெலிபோன் காலனியாக்கா? அவளும் மாவுதான் விக்கறாளா?" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிக்காமல் கொஞ்ச நேரம் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துபோயிற்றா, இல்லையா? இதை மட்டும்தான் நான் யோசிப்பது. வேறு எதையும் யோசிப்பதில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. அதனால் தெரியவில்லை. அப்படித்தானே?

"செவ்வாய்க்கிழமை எம்.எல்.ஏ. ஆபீஸ்ல உக்காருவாராம்க்கா. நான் நேர்லயே போயிடறேன். மூஞ்சியைப் பாத்துச் சொன்னா, நான்தான் சொன்னேன்னு இருக்கும்ல" என்றாள். "ஆனா நான்தான் தனபாக்கியம்னு அவங்க நம்பணுமே. என்னத்தைக் காட்டறது?"

"ரேஷன் கார்டைக் காட்டு" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னேன். வேடிக்கைக்குச் சொன்னது என்று யாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கையில் வாளி இல்லை. அதுதான் எனக்குப் பார்க்க வேறு மாதிரி இருந்தது, கையை வீசி வீசி நடந்தாள். என் வாசலில் நின்று, "வரட்டாக்கா" என்றாள். "சுருக்கமாப் பேசு, மாவுக்கதை சொல்லாதே" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போனாள். உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன், சத்தம் கேட்டது.

அதைப் பற்றி வேண்டாம்.

சாயங்காலம் எம்.எல்.ஏ. வந்தார். மாலை போட்டார். குபேந்திரனும் வந்திருந்தான், அவனை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. எம்.எல்.ஏ. எல்லோர் முன்னாலும் சொன்னார், "இந்தக் கூட்டத்தொடர்லயே கேக்கறேன். திங்கட்கிழமை என் கேள்வி இதுதான். வாராவாரம் இந்தம்மா போன் பண்ணியிருக்காங்கய்யா, என் பி.ஏ. நோட்டைக் காட்டினாரு, எனக்கு மனசு தாங்கலை." அழுதார்கூட. நிஜமான அழுகை. எனக்கு அழுகை தெரியும், டிரங்க் கால்களில் எத்தனை கேட்டிருக்கிறேன்.

அவ்வளவுதான் விஷயம். பாலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நெருக்கத்தில் இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறே நாள். நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள், பெண்கள் எதிர்வீட்டில் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கடிகாரம், பத்தரை. எம்.எல்.ஏ.வுக்கு நன்றி சொல்லவேண்டும், திங்கட்கிழமையை நினைவுபடுத்தவேண்டும், அதற்காகத்தான் எடுத்தேன். என் பெயரில் பேசத்தான் எடுத்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். அந்தப் பக்கம் எடுத்தான். நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க, நான் தனபாக்கியம் பேசறேன்."

நானாகச் சொல்லவில்லை. தானாக வந்தது. நிறுத்தவும் முடியவில்லை. கை இரண்டும் கனத்தது. "பாலம் என்னாச்சுங்க" என்று வேறு கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் இருக்கிறது, எனக்குத் தெரியும், இருக்கிற லைனுக்கு ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. கடைசியில் குபேந்திரன் சொன்னான். "அம்மா... நேத்து உங்களுக்கு நான் மாலை எடுத்துக் குடுத்தேனேம்மா."

வைத்துவிட்டான்.

பிறகு அவன் செய்தது இதுதான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு காலனிக்கே வந்தான். வீடு வீடாகப் போய், "நீங்க பேசினீங்களா, நீங்க பேசினீங்களா" என்று கேட்டான். வேதகிரி, "நான் எங்கப்பா பேசினேன்" என்று கையை விரித்தார். அறுபத்தேழு போன் எழுதியிருந்தான். அதில் முப்பத்தி நாலு நான். எம்.எல்.ஏ. கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். "எல்லாம் ஒரே பொம்பளை பேசினதுன்னு நாளைக்கு எதிர்க்கட்சிக்குத் தெரிஞ்சா என் மானம் போகாதா? செத்தவ போன் பண்ணினதாவும் நோட்டுல இருக்கு" என்றாராம். அந்தக் கூட்டத்தொடர் போயிற்று. அடுத்ததும் போயிற்று. டெலிபோன் காலனி என்றாலே அங்கே இப்போது சிரிக்கிறார்களாம்.

குபேந்திரன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு அங்கே பாலம். ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேர்மை எதற்கு?

பதினாறாம் நாள் முடிந்து அமுதா வந்தாள், எதிர்வீட்டைப் பூட்டிக்கொண்டு போக. பிளாஸ்டிக் உறையில் போட்ட ரேஷன் கார்டைக் காட்டினாள், ஒரு மூலை நசுங்கியிருந்தது. "பெரியம்மா, ரேஷன் கடை நம்ம பக்கம்ல இருக்கு. அம்மா எதுக்கு இதை எடுத்துட்டு அந்தப் பக்கம் போச்சு?" என்றாள்.

"முதியோர் பென்ஷனுக்குக் கேக்கப் போயிருப்பா" என்றேன். இருக்கலாம் இல்லையா? அவளுக்கும் வயசாகிக்கொண்டுதானே இருந்தது.

அவள் கார்டைப் பைக்குள் வைத்தாள். அவள் சாப்பிட்டு வளர்ந்தது பாதி என் வீட்டில். போகும்போது வாசலில் நின்று, "நீங்க இணைச்சு விடறவங்கதானே பெரியம்மா. எதுக்கு நீங்களே பேசினீங்க?" என்றாள். சின்னப் பெண், துக்கத்தில் ஏதோ சொல்கிறது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தனபாக்கியம் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். காய்கறிக்காரனிடம் "தக்காளி என்ன விலை" என்று கேட்க வாயைத் திறந்தால், "ஒண்ணுமில்லீங்க" வரும். பையன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்று அவள் இழுப்பு இழுக்கிறேன். "யாரும்மா பேசறது, அம்மா இல்லையா?" என்று என் பிள்ளை கேட்டான். அதற்குப் பிறகு பேச்சையே குறைத்துவிட்டேன். காலனியிலும் யாரும் என்னோடு பேசுவதில்லை, ஒரு வகையில் சௌகரியம். ஒருநாள் என் குரலில் பேசிப் பார்க்கலாம் என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். எப்படி இருக்கும் என்று நினைவு வரவில்லை. ஊரில் எல்லோர் குரலும் வருகிறது.

எம்.எல்.ஏ. ஆபீஸில் பழைய செட்டை எடுத்துவிட்டுக் கைப்பேசி வைத்துவிட்டார்கள். சுலோசனா என்று சொன்னாலே வைத்துவிடுவான், பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டான். போன வருடம் ஒரு புதன்கிழமை தையல் கடைக்காரி போனை வாங்கிக் கூப்பிட்டேன். என் பெயரைத்தான் சொல்ல நினைத்தேன், வந்தது அவள். "ஒண்ணுமில்லீங்க." அவன் வைக்கவில்லை. மெதுவாக, "சொல்லுங்கம்மா" என்றான். தெரியும் அவனுக்கு, நான்தான் என்று. தெரிந்துதான் கேட்டான். மூன்று நிமிடம் பேசினேன், மூன்று நிமிடமும் கேட்டான். அப்புறம் புதிதாக ஒரு நம்பர் வாங்கினேன். வாராவாரம் புதன்கிழமை, பத்தரை. "நோட் பண்ணிக்கிட்டேன்" என்று அவன் சொல்வதே இல்லை. கேட்கிறான், அவ்வளவுதான். அவனுக்கும் ஏதோ இருக்கிறது.

போன மாதத்திலிருந்து போனில் அவள் குரல் வரவில்லை. அவன் எடுக்கிறான், "சொல்லுங்கம்மா" என்கிறான், என் வாயில் காற்றுதான் வருகிறது. இரும்பைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம். அவன் காத்திருந்து பார்த்து வைத்துவிடுகிறான். நாலு புதன்கிழமை இப்படி. அடுத்த வாரம் கூட்டத்தொடர் ஆரம்பிக்கிறது. நோட்டில் ஏறவேண்டாமா?

இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியுமா உங்களுக்கு?

நீங்கள் ஏறி, அந்தக் கரகரப்போடு, "ஒண்ணுமில்லீங்க" என்றீர்களே. இருமலா, இல்லை, இயல்பே அப்படியா? இயல்பே அப்படித்தான். கடைசியில் ஒரு இழுப்புகூட இருக்கிறது, யாரும் உங்களிடம் சொன்னதில்லையா? இந்தாருங்கள் போன். நம்பர் போட்டுத் தருகிறேன், நீங்கள் ஒன்றும் அமுக்கவேண்டாம். ஒரே ஒரு வரிதான். "ஒண்ணுமில்லீங்க, நான் தனபாக்கியம் பேசறேன்." பிறகு பாலம். கடுதாசி இருக்கிறது பையில், பார்த்துப் படித்தால் போதும்.

என்ன? உங்கள் பெயரிலேயே பேசுகிறீர்களா? குடிவரப் போகிறவர் என்று சொல்லியா? வேண்டாம்மா. எதற்கு? உங்களுக்குப் பேசத் தெரியாது. வீடு, வாடகை என்று எங்கெங்கோ போவீர்கள், அவன் வைத்துவிடுவான். நான் சொல்கிற மாதிரி சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். மணி பார்த்தீர்களா, பத்தரை. போட்டுவிட்டேன். ரிங் போகிறது, பிடியுங்கள்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? இது நீங்கள் இறங்குகிற இடம் இல்லை. சொன்னேனே. கூட்டமாகத்தான் இறங்குவார்கள், அவர்களுக்குப் பழக்கம், நீங்கள் புதிது. கோபமா? சரி, நீங்கள் பேசவேண்டாம், நான் கேட்கவில்லை, உட்காருங்கள். பஸ் திரும்பி வரும். இருபது நிமிடம்தான். ஒன்றும் பேசமாட்டேன், வாயே திறக்கமாட்டேன். ஏம்மா. கண்டக்டர், அவங்களை இறக்காதீங்க. அவங்களுக்கு ரோடு தெரியாது. கண்டக்டர்.

இறங்கிவிட்டாள்.

லாரி வருதும்மா. அங்கயே நில்லுங்க. வாளிகூட இல்லை கையில. சுவத்துக்கிட்டயே நில்லுங்க.

ஹலோ? ஆமாங்க. கேக்குதுங்க.

ஒண்ணுமில்லீங்க. இங்க ஒருத்தங்க ரோட்டைத் தாண்டறாங்க.